அண்ணன் செய்யாத சீர்

நாப்பது வயசுக்கு மேல தபால்ல எம்.ஏ. தமிழ் சேர்ந்தவ நான். ஆட்டையாம்பட்டியில தறிச் சத்தத்துக்கு நடுவுல உக்காந்து, ஒரு நாவலைப் பத்தி விவாதக் கட்டுரை எழுதோணும். கதையில ஒரு தங்கச்சி, அப்பன் செத்தப்புறம் பூமியில பங்கு கேக்கறா. அண்ணன் தரமாட்டேங்கறான். குடும்பம் ரெண்டாப் போவுது. தப்பு யாரு மேலன்னு கட்சி கட்டி எழுதோணும்.

எனக்கு அதுல சந்தேகமே இல்லை. புதுச்சத்திரத்துல இருக்கற எங்கண்ணனே அடுத்த மாசம் விடுதலைப் பத்திரத்தோட வாரேன்னிருந்தாரு. அப்பன் பூமியில எனக்குப் பங்கு வேண்டாம்னு நான் எழுதிக் குடுக்கோணும். எங்க சனத்துல பொண்ணுங்க அப்படித்தான் போட்டுக் குடுப்பாங்க. பொறந்த ஊட்டுச் சீர் வாங்கியாச்சில்ல, அப்புறமென்ன பங்கு? கதையில வந்த அந்தத் தங்கச்சியைக் கிழி கிழின்னு கிழிச்சுட்டேன். கண்ணாலத்துக்கு நகை போட்டு, புள்ளைக்குக் காது குத்தறப்பத் தாய்மாமனாத் தட்டு வெச்சு, அண்ணன் எத்தனை செஞ்சான், நன்றி கெட்ட பொண்ணுன்னு எழுதி முடிச்சப்ப எனக்கே பெருமை தாங்கலை.

சேலத்துல வகுப்பெடுக்கற டீச்சரம்மா நின்ன வாக்குலயே படிச்சாங்க. திட்டலை. சீர் செஞ்சதா நான் எழுதின இடத்துல கோடு போட்டு, "இது நாவல்ல எந்தப் பக்கத்துல வருதுங்க?"ன்னாங்க.

இதென்ன கேள்வின்னு பஸ்ஸுலயே நாவலைப் புரட்டினேன். காணோம். ஊட்டுக்கு வந்து மொதல்ல இருந்து வரி வரியாப் பாத்தேன். அந்த அண்ணன் ஒரு சீலை எடுத்துக் குடுத்ததாக்கூட எழுத்து இல்லைங்க. நகை, தட்டு எல்லாம் எங்கண்ணன் எனக்குச் செஞ்சது. நானாக் கொண்டுபோயி கதைக்குள்ள வெச்சிருக்கேன். அடேங்கப்பா, எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. கண்ணு முன்னால அச்சுல இருக்கற புத்தகத்தையே மனசு இப்படி மாத்திப்புடுமா!

சீரை எடுத்துட்டுப் பாத்தா அவ கேட்டதுல தப்பே தெரியலை. சரி, இருக்கட்டும்னு சீரைத் திரும்ப வெச்சுப் பாத்தேன். அப்பவும் தெரியலை. சீர் அண்ணன் ஆசையாச் செய்யறது, பூமி அப்பனுது. கட்டுரையை மொதல்ல இருந்து வேற எழுதினேன்.

சொன்னபடி எங்கண்ணன் கொல்லிமலைப் பலாப்பழமும் பத்திரமுமா வந்தாரு. கெட்டவரா இருந்தாச் சண்டை போட்டிருவேன். நல்லவரு, அதுதான் பயம். இந்த ஒரு வார்த்தையில அவரு இனி எங்க வாசப்படி மிதிக்காமப் போயிட்டா? பேனாவை நீட்டினாரு. நான் வாங்கலை.

"அண்ணா, எனக்கும் பங்கு வேணுங்க."

பத்திரத்தை மடிச்சுப் பையில வெச்சாரு. கெளம்பிருவாருன்னு இருந்தேன். தண்ணி கேட்டு வாங்கிக் குடிச்சாரு.

"கெணத்தோரமா வேணுமா கண்ணு, ரோட்டோரமா?"ன்னாரு.

அத்தனை பக்கம் எழுதினவ, பலாப்பழம் அறுக்க அருவாமனையைத் தேடப் போனேன். குடுப்பாருன்னே ஒருநாளும் நெனைச்சதில்லை, எந்தப் பக்கம்னு எங்க நெனைச்சு வெச்சிருப்பேன்.