காலியாக ஏறாத லொறி

பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பலாங்கொடைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தையே எழுதிக் கொடுத்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்த முதல் ஆள் நான். அந்த மலைப்பாதையை என்னைவிட யார் நன்றாகக் கணக்கிட முடியும் என்ற திமிர் அப்போது இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கொழுந்து ஏற்றும் டீசல் லொறிக்குப் பதிலாகப் பெட்டரியில் ஓடும் லொறி சரிவருமா, வந்தால் எவ்வளவு கரிப்புகை குறையும் என்பதுதான் ஆய்வு. அதற்குக் கணினியில் ஓர் அட்டவணை செய்தேன். பாதையின் சரிவையும் தூரத்தையும் சுமையையும் கொடுத்தால், பெட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று அது சொல்லும். மலைக்குப் பெட்டரி ஒத்துவராது என்றார் விரிவுரையாளர். நான் விடவில்லை. எங்கள் தொழிற்சாலை பள்ளத்தில் இருக்கிறது. லொறி கொழுந்தோடு இறங்கும், காலியாக ஏறும். இறக்கத்தில் மோட்டாரே பெட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுக்கும். மலை முழுவதும் ஓடலாம் என்றது அட்டவணை.

நேரில் சரிபார்க்க லொறியில் போனேன். கொழுந்தை இறக்கிவிட்டுத் திரும்பும்போது டிரைவர் மாமா சந்தியில் நிறுத்தினார். கைக்குழந்தையோடு கிளினிக் போய்வந்த பெண்கள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள், கோதுமை மா மூட்டைகள் எல்லாம் பின்னால் ஏறின.

"ஏறுங்கடி, இன்ஜினியரம்மா முன்னால இருக்காங்க. இன்னைக்கு லொறி பறக்கும்!" என்று ஒரு அக்கா கத்தினாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தோட்ட அலுவலகக் குறிப்பில் 'காலி' என்றிருந்ததை அப்படியே அட்டவணையில் போட்டிருந்தேன். தொண்ணூறுகளில் இதே லொறியில் தொற்றிக்கொண்டு வீடு திரும்பியவள் நான்!

"மாமா, இந்த ஆளுங்க பாரத்தையும் கணக்குல சேக்கணும்."

"அடியேய் ஹரி, சேத்துறாத! ஆள் ஏத்தக் கூடாதுன்னு ஓடர். தொரைக்குத் தெரிஞ்சா என் வேல போயிரும்."

"சேக்காட்டி பெட்டரி லொறி பாதி மலையில நின்னுரும். நீங்கதான் தள்ளணும்."

"நான் ஏன் தள்ளுறேன்? படிச்ச புள்ள, நீ தள்ளு."

பாரத்தைச் சேர்த்துப் பார்த்தேன். தோட்டத்தின் கீழ்ப் பகுதியான கீழ் டிவிசன் வரை பெட்டரி தாங்கியது. மேல் டிவிசன் ஏற்றத்தில் தீர்ந்துபோனது. ஆட்களை மறைத்தால் என் ஆய்வு ஜெயிக்கும், ஆனால் அந்தக் கணக்கை நம்பி லொறி வாங்கினால் அவர்கள் நடந்துதான் மலையேற வேண்டும். எழுதினாலோ மாமாவின் வேலைக்கு ஆபத்து.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் நேராகப் போனேன். லொறியில் ஆட்கள் ஏற அனுமதி கொடுங்கள், அப்போதுதான் என் கணக்கு உண்மையாகும் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் சிரித்தார். தினமும் பங்களா ஜன்னலிலிருந்து பார்ப்பதாகவும், இதுவரை யாரும் வந்து கேட்கவில்லை என்றும் சொன்னார். பின்னால் பலகை இருக்கை போட வேண்டும், வேகமாகப் போகக் கூடாது என்ற நிபந்தனைகளோடு சம்மதித்தார்.

கீழ் டிவிசனுக்குப் பெட்டரி, மேல் டிவிசனுக்கு இப்போதைக்கு டீசல் என்று ஆய்வை முடித்தேன். விரிவுரையாளர் குறை சொல்லவில்லை.

ஆய்வு முடிவைச் சொன்னதும், லொறியில் புதிதாகப் போட்டிருந்த பலகை இருக்கையை மாமா தட்டிப் பார்த்தார்.

"ஹரி, மேல் டிவிசனுக்குப் பெட்டரி லொறி எப்ப வரும்?"

"அதுக்கு இன்னும் கணக்கு போடணும் மாமா."

"போடு போடு. அதுவரைக்கும் டீசல்தான். ஏறு."