பதினேழு பை ஒன்று

வீட்டு கேட்டுக்கு அடித்த கறுப்புப் பெயிண்ட் வாசனை இன்று என்னைச் சிறுவயதில் இருந்த பருத்திப்பட்டு ஏரிக்கரைத் தெருவுக்கே கொண்டுபோய்விட்டது.

நகராட்சி ஆட்கள் தார் டப்பாவும் தகர அச்சுமாகச் சுவர் சுவராகக் கதவு எண் பதித்துக்கொண்டே வந்து எங்கள் வீட்டுப் பதினேழோடு நின்றுவிட, அடுத்த குடிசையில் இருந்த ரோசம்மா அக்கா, சவுதிக்குப் போன கணவனின் கடிதம் வந்து சேர வேண்டுமே என்று, தானே கரியால் 17/1 என்று கதவில் எழுதிக்கொண்டு, அதையே விலாசமாக அவனுக்கும் எழுதிப் போட்டாள்.

“நம்ம நம்பர அவ இன்னாத்துக்குப் போடறா? போய் அழிச்சிட்டு வா” என்று அப்பா என்னிடம் ஈரத்துணியைக் கொடுத்தார். நான் அழித்து முடிக்கும்வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த மாதம் தபால்காரர் வெளிநாட்டுக் கடிதத்தோடு வந்தார்.

“பதினேழு பை ஒண்ணு எங்க கீது சார்?”

“அப்டி ஒரு ஊடே கெடியாதுபா” என்றார் அப்பா.

குடிசைக்குப் பின்னால் அக்கா துணி துவைக்கும் சத்தம் எங்கள் வாசல்வரை கேட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.