அப்பா வாங்கிய முன்கதவு மெஷின்

வேகவைத்த பட்டுக்கு ஒரு வாசம் உண்டு. சவுக்காரமும் சோடா உப்பும் கொதிக்கிற அண்டாவில் கச்சாப் பட்டை முக்கினால் அதன் பசை கரைந்து, ஈரக் கோணியைக் கஞ்சியில் ஊறவைத்தது போல ஒன்று கிளம்பும். காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டு முழுக்க அந்த வாசம்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண் என் பாவாடையை மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள்...

இந்த வாரம் தோழி ஒருத்தி கேட்டாள், விலை குறைந்த ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின் வாங்கலாமா என்று. இரண்டு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுபதுகளின் நடுவில், எனக்கு எட்டு வயதில், எங்கள் வீட்டுக்கு வந்த மெஷின் குறுக்கே வந்துவிட்டது.

நெசவாளர்கள் கொடுக்கும் கச்சாப் பட்டை அவித்து, அலசி, சாயம் போட்டுக் கொடுப்பது எங்கள் வீட்டுத் தொழில். அவிப்பதும் சாயமும் அப்பா. அலசுவது அம்மா. அதற்கு மேல் வீட்டில் ஆறு பேர் துணியும் அவள்தான், கல்லில்.

ஒரு வருஷம் அம்மாவின் உள்ளங்கை பாளம் பாளமாக வெடித்துவிட்டது. வலியை அவள் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் வெடித்த தோலில் பட்டு சிக்கும். சிக்கினால் நூலில் பிசிறு எழும். நெசவாளர் ஒருவர் நூலைத் திருப்பிக் கொண்டுவந்து பிசிறைக் காட்டிவிட்டுப் போனார். கை ஆறவில்லை என்றால் அம்மா இனிமேல் பட்டைத் தொட முடியாது என்பது எனக்கே புரிந்தது.

சவுக்காரத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்றார் டாக்டர். பட்டை விட முடியாது, துணியையாவது விடு என்று சொல்லிவிட்டு அப்பா மெட்ராஸ் போனார். இரண்டு நாள் கழித்து லாரியில் அது வந்து இறங்கியது. ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் செய்தது, பெயர்கூடக் கிடையாது. மேல்மூடி வைத்தது விலை அதிகம், இதுதான் மலிவு என்று அப்பா சொன்னது நினைவிருக்கிறது.

தகரப் பெட்டி. முன்னால் வட்டமான கண்ணாடிக் கதவு. உள்ளே படுக்கைவாட்டில் ஓட்டை போட்ட ட்ரம், கீழே மோட்டார், பெல்ட். மேலே ஒரு புனலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கதவு ரப்பர் முதல் வாரமே ஒழுகியது. சைக்கிள் ட்யூபை வெட்டி அப்பா வேறு வளையம் போட்டார். ஓடும்போது பெட்டி நகர்ந்து நகர்ந்து கிணற்றடி வரை போகும். சுற்றிலும் கருங்கல் வைத்து நிறுத்தினோம். கரண்ட் நின்றால் துணி உள்ளேயே கிடக்கும்.

ஆனாலும் துவைத்தது. அம்மாவின் கை மெல்ல ஆறத் தொடங்கியது.

அப்பா அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பட்டு அலசுகிற முதல் தண்ணீரிலும் சோடா உப்பு இருக்கும். அதுவும் அம்மா கையில் படக்கூடாது என்று நினைத்தார். ஒருநாள் காலை, அவள் கடைக்குப் போயிருந்தபோது, வளையமாகச் சுற்றிக் கட்டிய நூலான பட்டுச் சிட்டங்களை, அவித்த கையோடு கோலிலிருந்து உருவி, மாலை மாலையாக மெஷினுக்குள் போட்டுவிட்டார். தறியில் நீளவாட்டில் ஓடுகிற ஒரு முழுப் பாவுக்கான நூல். ட்ரம் மெதுவாகத்தானே சுற்றுகிறது, என்ன ஆகிவிடும் என்பது அவர் கணக்கு.

அம்மா வந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். வளையம் வளையமாக இருக்க வேண்டிய நூல் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, தடித்த வடமாகச் சுழன்றுகொண்டிருந்தது.

"நிறுத்துங்க."

அப்பா நிறுத்தினார்.

"கதவத் தொறங்க."

"எப்டிமா தொறக்கறது? உள்ள தண்ணி கீதே. இப்பத் தொறந்தா நூலும் சேந்து கொட்டிடும்."

முன்பக்கக் கதவின் குறையை அன்று பார்த்தேன். மேலே திறந்த தொட்டியென்றால் ஒரு கை விட்டு நூலைத் தூக்கிவிடலாம். நுரை அடைத்த குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிய, மூன்று பேரும் அந்தக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

விஷயம் தெருவெல்லாம் பரவியது. நூலுக்குச் சொந்தக்காரர் வாசலில் நின்று, "இன்னாமா, உன் ஊட்டுக்காரரு பட்ட லாண்டரிக்குப் போட்டாராமே" என்றார். சிரித்தார், ஆனால் உள்ளே வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் நூல் வேண்டும் என்றார்.

அம்மா நாலு நாள் நடையில் உட்கார்ந்து சிக்கெடுத்தாள். இழை இழையாக. நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில். அப்பா சமைத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் கடைசிச் சிட்டத்தை உதறிக் கோலில் போட்டபோது அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கும் பிசிறு இல்லை. அவள் கை ஆறியிருந்தது. அதை ஆற்றியது அந்த மெஷின்தான். அப்பா அதைச் சொல்லவில்லை, மெஷினை விற்றுவிடுகிறேன் என்றார்.

"எதுக்கு? அது பாட்டுக்குத் துணி தொவச்சிக்கினு இருக்கட்டும். நூலாண்ட மட்டும் இட்டுக்கினு வராதீங்க."

இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும். எங்கள் கிணற்று உப்புத் தண்ணீரில் ட்ரம் அரித்து ஓட்டையாகிவிட்டது. இன்னொன்று வாங்கும் பேச்சே எழவில்லை. அம்மா கல்லுக்குத் திரும்பிப் போனாள்.

என் வீட்டில் இப்போது இருப்பதும் மலிவான ஃப்ரண்ட் லோடுதான். நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் இரைச்சல் வந்தது. "பேரிங் போயிடுச்சு மேடம். ட்ரம்மோட சேத்து ஒட்டி வருது, தனியா மாத்த முடியாது. புதுசு வாங்கிடுங்க" என்றான் ரிப்பேருக்கு வந்த பையன். சைக்கிள் ட்யூபுக்கு இதில் இடமில்லை. விளம்பரத்தில் சொல்வதில் பாதியைத்தான் நம்புகிறேன். ஆனாலும் வாங்கிவிடுவேன். என் உள்ளங்கையில் இதுவரை ஒரு வெடிப்பு வந்ததில்லை.

தோழிக்கு அதனால் வாங்கு என்றுதான் எழுதினேன். உழைக்கும்வரை உழைக்கட்டும்.

அந்த மெஷின் ஓடிய நாட்களில் அம்மா எனக்குத் தலை பின்னும்போது அவள் கையில் என் முடி சிக்கியதில்லை. அது நின்றுபோன அடுத்த மார்கழியில் மறுபடி சிக்க ஆரம்பித்தது. வலிக்கிறது என்று நான் சொல்லவில்லை.