சிவப்பு விளக்கு மின்னுகிறது, இன்னும் புகை வரவில்லை

மோட்டாரை ஓட்டும் போர்டு செய்கிறவர்கள் என்று எங்களைச் சொல்வார்கள். நாளில் முக்கால்வாசி நேரம் ஓடாத மோட்டாரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் என்பதுதான் சரி. மல்டிமீட்டரும் கையுமாக நின்று "இப்பத்தான் ஓடுச்சுங்களே" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

என் பெயர் கோகிலா. முதலிபாளையம் தொழிற்பேட்டையில் துணி விரிக்கும் மெஷின் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிள் மேல் துணியை அடுக்கடுக்காக விரித்துக்கொண்டே போகுமே, அந்த மெஷின். அதை முன்னும் பின்னும் இழுக்கிற மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு எலக்ட்ரானிக் போர்டு வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து வாங்கி மாட்டிக்கொண்டிருந்த எங்கள் ஓனர் தங்கவேல், ஒருநாள் நாமே செய்துவிடலாம் என்று முடிவு செய்தார். போர்டை வரைந்து சால்டர் வைப்பது ஜெபராஜ், தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். அதற்குள் போகிற புரோகிராமை எழுதுவது நான்.

ஓனர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டார். ராயபுரத்தில் ருக்குமணி அக்கா என்பவர் பனியன் கம்பெனி நடத்துகிறார். அவருடைய மெஷின் ஒன்றில் நம் போர்டை மாட்டுவோம். ஒழுங்காக ஓடினால் தொடர்வோம். இல்லாவிட்டால் இந்தப் பிரிவை மூடிவிட்டு உங்கள் இருவரையும் மெஷின் விற்க அனுப்பிவிடுவேன். காய்கறிக் கடையில்கூட விலை கேட்கக் கூச்சப்படுகிற எனக்கும், புது ஆளைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்கிற ஜெபராஜுக்கும் அதைவிடப் பெரிய மிரட்டல் தேவைப்படவில்லை.

விரல் வைத்தால் ஓடும்

முதல் போர்டுக்குக் கரண்ட் கொடுத்த அன்று ஓனர் சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வந்து நின்றார். சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிய வேண்டும், எரியவில்லை. "எங்க சூடாகுதுன்னு பாக்கேன்" என்று ஜெபராஜ் குனிந்து, கைபட்டாலும் ஆபத்தில்லாத பகுதியில் இருந்த ஒரு சிப்பின் மேல் விரல் வைத்தான். டக்கென்று பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் சுற்றியது. ஓனர் கை தட்டினார். ஜெபராஜ் விரலை எடுத்தான். மோட்டார் நின்றது. வைத்தான், சுற்றியது. எடுத்தான், நின்றது.

இந்த நோயை நாமெல்லாம் பார்த்தவர்கள்தானே? சிப்பின் ஏதோ ஒரு கால் சால்டரில் சரியாக ஒட்டவில்லை. அழுத்தினால் தொடும், விட்டால் விலகும். எந்தக் கால் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பிடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அதுவரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஓனர், எழுந்து போகும்போது மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ஏனுங்க ஜெபராஜ், மெஷின் டெலிவரி குடுக்கறப்ப உங்க விரலையும் சேத்துப் பார்சல் கட்டிரலாமுங்களா?"

பக்கத்து ஷெட்

கரண்டின் அலையைத் திரையில் காட்டுகிற ஆசிலாஸ்கோப் ஒன்று எங்களிடம் உண்டு. அதன் வயர் நுனியில் முதலை வாய் மாதிரி ஒரு கிளிப் இருக்கும். அந்தக் கிளிப் உள்ளுக்குள் எர்த்தோடு சேர்ந்தது. எங்கள் போர்டின் மைனஸோ லைன் கரண்டோடு நேரடி உறவு வைத்திருப்பது. இரண்டையும் சேர்க்கவே கூடாது. இதை இந்தத் தொழிலில் எல்லோரும் படித்திருக்கிறோம். நம்புவது என்னவோ ஒருமுறை சேர்த்த பிறகுதான்.

ஜெபராஜ் சேர்த்தான். ஒரு வெடிச்சத்தம், ஒரு நீல வெளிச்சம். கிளிப்பில் பாதியைக் காணோம். எங்கள் ஷெட் மட்டுமல்ல, பக்கத்து ஷெட்டும் இருட்டாகிவிட்டது. அங்கே லேபிள் அச்சடிக்கிற சின்னச்சாமி, பாதியில் நின்றுபோன லேபிள் சுருளோடு ஓடிவந்தார். முதலில் ஜெபராஜின் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயம் ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் வாயைத் திறந்தார்: "இன்னைக்கு வெடிக்கறதெல்லாம் முடிஞ்சுதுங்களா, இல்லை இன்னும் பாக்கி இருக்குதுங்களா? முடிஞ்சுதுன்னா நான் மெஷினப் போட்டுக்குவனுங்க."

திருத்தியதால் வந்த கேடு

மோட்டாருக்கு மூன்று வயர் போகும். அதில் இரண்டு வயர்களில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று போர்டு அளந்துகொண்டே இருக்கும். ஒருநாள் ஜெபராஜின் வரைபடத்தையும் என் புரோகிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, முதல் வயரின் கணக்கை நான் இரண்டாவது வயருக்கு எழுதியிருப்பது தெரிந்தது. மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் தப்பு தப்புதானே என்று திருத்தினேன். அவ்வளவுதான். குளிர்காய்ச்சல் வந்ததுபோல் மோட்டார் உதறியது; சிவப்பு விளக்கு மின்னியது; டிரிப், அதாவது போர்டு தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது.

"புரோகிராம்தான்" என்றான் ஜெபராஜ். "போர்டுதான்" என்றேன் நான். டீ ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை போட்டோம். கடைசியில் வயரைத் தொட்டுத் தொட்டு அளந்து பார்த்தால், வரைபடத்தில் சரியாக இருந்த அந்த இரண்டு கோடுகளை, போர்டில் அவனும் மாற்றிப் போட்டிருந்தான். அவன் தப்பும் என் தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, இத்தனை நாளும் மோட்டாரைச் சமர்த்தாக ஓட்டியிருக்கின்றன. புதுப் போர்டு அடிக்க வேண்டுமே என்று ஜெபராஜ் சற்று நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "யக்கா, நீங்க பழையபடி தப்பாவே எழுதிருங்களேன், மோட்டாரு பொழைச்சுக்கிடும்."

ஐந்நூற்று மூன்று

ஒருவழியாக போர்டை ராயபுரத்துக்கு அனுப்பினோம். மாட்டுவதை அவர்கள் எலக்ட்ரீஷியனே பார்த்துக்கொள்வதாக ருக்குமணி அக்கா சொல்லிவிட்டார். மறுநாளே போன். "அம்மணி, மெஷின் நின்னு போச்சு. டிஸ்பிளேல ஐநூத்தி மூணுன்னு வருது" என்றார்.

எங்கள் போர்டில் பழுது எண்கள் 'E' என்ற எழுத்தில் தொடங்கும். ஐந்நூற்று மூன்று என்று ஒரு பழுதே கிடையாது. நான் எழுதாத எண் எப்படி வரும் என்று பயந்துபோய் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் வயர் எட்டவில்லை என்பதற்காக எலக்ட்ரீஷியன் போர்டைத் தலைகீழாக மாட்டியிருந்தார். E05 என்பதைத் தலைகீழாகப் படித்தால் 503. E05 என்றால் போர்டு சூடாகிவிட்டது என்று அர்த்தம். சூடு ஏன் என்றால், மேலே இருக்க வேண்டிய காற்று வழி கீழே போய், தரையில் பறந்த பஞ்சையெல்லாம் ஃபேன் இழுத்து அடைத்துக்கொண்டிருந்தது.

இதை நான் பொறுமையாக விளக்கி முடித்தேன். ருக்குமணி அக்கா போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தலைகீழா நின்னா யாருக்குந்தான் தலை சூடாகும், அதுக்குக்கூடவா அம்மணி ஒரு நம்பரு வெச்சிருக்கற?"

நாங்கள் பார்த்தால் ஓடும்

போர்டை நேராக மாட்டிய பிறகு வேறு ஒரு வியாதி வந்தது. மெஷின் பாதித் துணியில் நின்றுவிடும். பழுது எண் எதுவும் காட்டாது. அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். நானும் ஜெபராஜும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் நாள் முழுக்க ஓடியது. தொழிற்பேட்டைக்குத் திரும்பி வண்டியை நிறுத்தும்போது போன் வரும்: நின்றுவிட்டது. இதற்குள் ஓனர் எங்களுக்கு மெஷின் விலைப்பட்டியலைக் கொடுத்துப் படித்து வைக்கச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் போனில் பேசும்போது பின்னாலிருந்து யாரோ "அந்தப் பாலியஸ்டர் ரோலை எடு" என்று கத்துவது கேட்டது. எனக்குச் சட்டென்று உறைத்தது. நாங்கள் போன நாட்களில் எல்லாம் காட்டன்தான் விரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டு விசாரித்தால் ஆமாம், நின்றதெல்லாம் விளையாட்டு டீஷர்ட்டுக்கான பாலியஸ்டர் துணியில்தான். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், "அக்கா, காட்டன்ல ஒரு பிரச்சினையும் இல்லீங்க, பாலியஸ்டர் போட்டா மட்டுந்தானுங்க நிக்குது!" என்று கூவினேன். ருக்குமணி அக்கா சொன்னார்: "சரி அம்மணி, இனிமே பாலியஸ்டர் வேண்டாம், காட்டனே எடுத்துக்கோன்னு ஆர்டர் குடுக்கற எங்க பையருக்கு நீயே ஒரு போன் போட்டுச் சொல்லிரு."

மெஷின் கடிக்கிறது

ஷிப்மென்ட் நெருங்குகிறது, நாளை காலை பழைய போர்டையே மாட்டிவிடுங்கள் என்று அக்கா ஓனரிடம் சொல்லிவிட்டார். எங்களுக்கு அந்தக் காலைதான் மிச்சம். கழற்றப் போகிறவர்கள் மாதிரி ஸ்குரூடிரைவரோடு போனோம். கூடவே ஓனரும் வந்தார்.

மெஷினை ஓட்டுவது பீகாரிலிருந்து வந்த சுனிதா. அன்று பாலியஸ்டர் விரித்துக்கொண்டிருந்தாள். அவள் நிறுத்தும் பட்டனைக் கையால் தொடாமல் ஒரு மர ஸ்கேலால் குத்தி அழுத்துவதை அன்றுதான் கவனித்தேன். ஏன் என்று கேட்டேன். "தீதி, இது கடிக்குது" என்றாள். நான் மெஷின் உடம்பைத் தொட்டேன். என்னையும் சுரீர் என்று கடித்தது.

பாலியஸ்டர் துணி உரசி உரசி மின்னேற்றம் சேர்கிறது. அது எர்த்துக்கு இறங்க வழியில்லாமல் எங்கள் போர்டுக்குள் குதித்து அதை மயங்க வைக்கிறது. ஆனால் மெஷினுக்கு எர்த் வயர் கொடுத்திருக்கிறதே? ஜெபராஜ் எர்த் போல்ட்டைக் கழற்றினான். அடியில் நீலப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. பெயிண்டுக்கு மேல் போல்ட்டை முறுக்கியிருந்தால் கரண்ட் எப்படி இறங்கும்? அவன் சுரண்டி, இரும்பு தெரிகிறவரை தேய்த்து, தடிமனான வயரை இறுக்கிக் கட்டினான். துணி உரசுகிற இடத்தில் ஒரு செம்பு இழைப் பட்டையும் மாட்டினோம். மறுபடி பாலியஸ்டர் ரோலைப் போடச் சொன்னேன். மெஷின் போனது, வந்தது, போனது, வந்தது. எனக்குத்தான் மூச்சு வரவில்லை. ஒரு ரோல் முடிந்தது. சுனிதா ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு விரலால் பட்டனை அழுத்தினாள்.

மெஷின் ஷோரூமில் வைத்தது மாதிரி இருக்க வேண்டும், ஒரு இடம் விடாமல் பெயிண்ட் அடியுங்கள் என்று ஷெட்டில் நின்று சொன்னவர் ஓனர். சுரண்டிய இடத்தை அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "கலர் நல்லா இருக்குதுங்க, ஆனா இந்த எடத்துல வேண்டாமுங்க."

எந்த போர்டு?

அதற்குப் பிறகு ராயபுரத்திலிருந்து போன் வரவில்லை. போன் வராதது நல்லதற்கா, கெட்டதற்கா என்று எங்களுக்குப் புரியவில்லை. கழற்றி மூலையில் போட்டுவிட்டார்களோ என்னவோ. முடிவைத் தெரிந்துகொள்ள ஓனர் எங்களையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார். பின் சீட்டில் ஜெபராஜ், "வணக்கம், எங்க மெஷினப் பத்திச் சொல்லுதேன்" என்று மெதுவாக ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான்.

ருக்குமணி அக்கா டீ கொடுத்தார். நூல் விலையைப் பேசினார், ஆள் கிடைக்காததைப் பேசினார், மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்ததைப் பேசினார். கட்டிங் டேபிளில் மெஷின் போய் வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி மட்டும் பேச்சே இல்லை. ஓனர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நம்ம போர்டு எப்படிங்க?" அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "எந்த போர்டுங்க, கேட்டுல மாட்டியிருக்கற பேரு போர்டுங்களா? அதுல லைட்டு எரியறதில்லீங்களே, அதையும் நீங்கதான் பாப்பீங்களா?"

ஜெபராஜ் அன்றே அந்த லைட்டையும் எரியவிட்டான், எங்கள் பிரிவும் மூடாமல் நடக்கிறது. தான் செய்த பொருள் இருக்கிற இடமே தெரியாமல் போக வேண்டும் என்று இவ்வளவு பாடுபடுகிற ஆட்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.