ஒரு கை இல்லாத ஸ்வெட்டர்

யாரோ மைக்ரோவேவில் சாப்பாடு சூடாக்கியிருக்கிறார்கள். அந்த 'டிங்' சத்தத்துக்கு என் இடது கை தானாக எழுந்து, காற்றில் எதையோ வலப்பக்கம் தள்ளிவிட்டு இறங்கியது. பக்கத்து இருக்கைப் பெண் பார்த்தாள். ஈ ஓட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள். இருக்கட்டும்.

நான் தள்ளியது தட்டச்சு இயந்திரத்தின் உருளையை. வரி முடியப்போகிறது என்று அது மணியடிக்கும். தள்ளிவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். தொண்ணூறுகளில் டெல்லியில், லோதி ரோடு பக்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். அந்த மணிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஒரு மூச்சு விடலாம். கார்பன் தாள் மாற்றும்போது ஒரு கதையே பேசலாம். ஓர் எழுத்துத் தப்பினால் எல்லாப் பிரதிகளிலும் அழிக்க வேண்டும் என்பதால், எங்கள் அதிகாரி உதடு அசைய இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் எதையும் அடிக்கக் கொடுப்பார்.

குளிர்காலத்தில் மதியமானால் அலுவலகமே புல்தரையில் கிடக்கும். ஆரஞ்சுத் தோல் வாசனை, வேர்க்கடலைத் தோல், வெயில். என் மேசைக்கு எதிர் மேசை செல்வி அக்கா, திருநெல்வேலிக்காரர், அங்கேதான் ஸ்வெட்டர் பின்னுவார். பட்டாளத்தில் சேர்ந்திருந்த மகன் தை மாதம் மலைப்பக்கம் போகிறான்; அதற்குள் முடிக்க வேண்டும்.

"வீட்டுக்குப் போனா அடுப்பும் தண்ணியுந்தான். எனக்கு ஊசி பிடிக்க இந்த வெயிலுதாம்ட்டி."

நூல்கண்டைத் தாங்குவது என் இரண்டு கைகள். அரசாங்கத்துக்கு நான் செய்த சேவையில் உருப்படியானது அதுவாகத்தான் இருக்கும்.

"கைய நேரா வையிட்டி. சிக்குனா உன்னையும் சேத்துப் பின்னிருவேன்."

அந்தக் குளிரில்தான் கம்ப்யூட்டர் வந்தது. வேலை பாதியாகும் என்றார்கள், லட்டு கொடுத்தார்கள். அழிப்பது சுலபம் என்று அதிகாரி கண்டுகொள்ள ஒரு வாரம் ஆனது. காலையில் சேர்த்த பத்தியை மதியம் எடுப்பார், மாலையில் திரும்பச் சேர்ப்பார். நல்ல மனிதர், ஒவ்வொரு முறையும் சின்னத் திருத்தம்தான் என்று இந்தியில் சொல்லி, சங்கடப்பட்டுக்கொண்டே எங்கள் மேசைகளுக்கு வருவார்.

"மேடம், சோட்டா சா கரெக்‌ஷன்."

புல்தரைக்குப் போவது எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. யாரும் தடுக்கவில்லை. ஜன்னல் வழியே வெயில் வந்து அக்காவின் பையில் விழும். ஊசி இரண்டும் நீட்டிக்கொண்டிருக்கும்.

தை வந்தது. உடம்பும் ஒரு கையும் முடிந்திருந்தன. கரோல் பாக் கடைத்தெருவில் ரெடிமேடு ஒன்று வாங்கிக் கொடுத்து மகனை ரயிலேற்றிவிட்டு, மறுநாள் அக்கா நேரத்துக்கு வந்தார்.

"குடுத்தீங்களாக்கா?"

"ஒத்தக் கைய வச்சு அவன் சல்யூட்டா அடிப்பான்?"

சிரித்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு அந்த அலுவலகம் இல்லை, குர்கானில் வேறொன்று. போன மாதம் அந்த வழியாகப் போனேன். புல்தரை அப்படியே இருக்கிறது, இன்னும் பச்சையாக. நல்ல வெயில். ஓர் ஆள் இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. போன் அதிர்ந்தது, எடுத்துப் பேசினேன்.

அன்று, அந்தக் குளிர் முடியும்போதே அக்கா சென்னைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். கடைசி நாள் மதியம், அந்தப் பையோடு என் மேசையருகில் வந்து நின்றார்.

"வெயில் போகுது. புல்லுல கொஞ்சம் உக்காந்துட்டு வருவோமாட்டி?"

நான் திரும்பாமல் சொன்னேன்:

"போய்க்கிட்டே இருங்கக்கா, இதோ வரேன். சோட்டா சா கரெக்‌ஷன்தான்."