லொரெய்னுக்கும் ஒரு ஓட்டு

காலை ஆறரைக்குப் பள்ளிக் கதவைத் திறந்ததும் லொரெய்ன் நோவாக் விளக்கைப் போடுவதில்லை. முதலில் மோப்பம் பிடித்துப் பார்க்கிறார். “வினிகர். ரெண்டாம் கிளாஸ். மறுபடியும் எரிமலை செஞ்சு பொங்க விட்டிருக்காங்க” என்பார். இன்னொரு நாள், “கோழிப் பீ. குஞ்சு பொரிச்சிடுச்சு போல.” பத்தொன்பது வருடமாக இந்தக் கட்டடத்தின் துப்புரவு அவர் பொறுப்பு. அவருக்கு அடுத்தபடி உள்ளே வருகிறவள் அலுவலக எழுத்தரான நான். அதனால் அன்றன்றைக்கு முதல் புலம்பல் எனக்குத்தான்.

“நான் படிச்ச ஸ்கூல்ல கன்னியாஸ்திரீங்க ஸ்கேலாலதான் பேசுவாங்க. பாடம் புத்தகத்துல இருக்கும், குப்பை தொட்டியில இருக்கும். இங்க எது பாடம், எது குப்பைன்னு யாராச்சும் எழுதிக் குடுங்கம்மா!”

அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. சிகாகோவுக்கு வடக்கே, ஏரியை ஒட்டிய எங்கள் ஊர்ப் பள்ளிகளில் நூறு வருடமாகப் பிள்ளைகள் செய்து பார்த்தே கற்கிறார்கள். மதிப்பெண் கிடையாது. எதையும் வட்டமாக உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஊருக்கு அதில் தாங்க முடியாத பெருமை. மறுநாள் காலையில் அந்தப் பெருமையைத் தரையிலிருந்து சுரண்டி எடுப்பவர் லொரெய்ன்.

குள்ளமான உருவம். நரைத்த கொண்டையில் ஒரு பென்சில். இடது முழங்காலை மடக்க முடியாது. மடக்க வேண்டி வந்தால் போலிஷ் மொழியில் ஏதோ சொல்லிக்கொள்வார், யாரும் அர்த்தம் கேட்டதில்லை. ஒரு முறை காய்ந்த குச்சி ஒன்றைப் பெருக்கிப் போட்டுவிட்டார். அது ஒரு பிள்ளையின் யானையாம். முதல் வகுப்பு முழுவதும் அவரை நடுவில் உட்கார வைத்து, யானை போனதில் தங்களுக்கு எப்படி இருக்கிறது என்று நாற்பது நிமிடம் சொன்னது. அன்றிலிருந்து ஒரு சுள்ளியைப் பார்த்தாலும் தூக்கிப் பிடித்து, “இது யாரோட யானை?” என்று கத்திவிட்டுத்தான் தொட்டியில் போடுகிறார்.

இந்த அக்டோபரில் மூன்றாம் வகுப்பு தாழ்வாரத்தில் அட்டையால் ஒரு நகரம் கட்டியது. நகர மன்றம், ரொட்டிக் கடை, தபால் நிலையம், ஆளுக்கொரு வீடு. தாழ்வாரத்தின் அகலம் பத்தடி. நகரம் அதில் ஐந்தடியைப் பிடித்துக்கொண்டது. தீயணைப்புத் துறையின் சோதனை வெள்ளிக்கிழமை. ஆறடி வழி விட வேண்டும்.

“ஒரு அடிதானே? நகர்த்திட்டுப் போறேன்” என்றார் லொரெய்ன்.

“ஐயோ, வேண்டாம். பிள்ளைங்ககிட்ட கேட்கணும்” என்றார் வகுப்பாசிரியை மிஸ் ஹாலோரன்.

“தீ பிடிச்சாலும் கேட்டுட்டுத்தான் ஓடுவீங்களா?”

கூட்டம் என் அலுவலக வாசலுக்கு எதிரிலேயே மூன்று நாள் நடந்தது. முதல் நாள், யார் தலைமை என்று பேசி ஒரு பையனைத் தலைவனாக்கினார்கள். இரண்டாம் நாள், லொரெய்னும் நகரவாசிதானா என்று பேசி, அவருக்கும் ஒரு ஓட்டு தந்தார்கள். அவர் துடைப்பத்தின் மேல் மோவாயை ஊன்றி நின்றுகொண்டே கேட்டார். மூன்றாம் நாள் ஒரு வழி பிறந்தது. ஒரே ஒரு கட்டடத்தை எடுத்துவிட்டால் மற்றதைச் சுவரோரம் தள்ளிவிடலாம். எதை எடுப்பது? ரூத்தாவின் வீட்டை என்றான் ஒருவன். மளமளவென்று கைகள் எழுந்தன.

ரூத்தா லிதுவேனியாவிலிருந்து வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. இன்னும் ஆங்கிலப் பேச்சு பிடிபடவில்லை. எல்லோரும் கை தூக்கியதைப் பார்த்து அவளும் தூக்கினாள்.

லொரெய்ன் மட்டும் தூக்கவில்லை.

“இருபத்து மூணுக்கு ஒண்ணு” என்று எண்ணிச் சொன்னான் தலைவன்.

“நல்லா எண்ணினே, துரை! அந்தப் பொண்ணு தன் வீட்டை இடிக்கத் தானே கை தூக்கியிருக்கு. அதையும் எண்ணிட்டியா?”

ஒரு சிறுமி ரூத்தாவின் வீட்டைத் தொட்டுக் காட்டி, இரண்டு கையாலும் அதைக் கசக்குவதுபோல் செய்தாள். அப்போதுதான் ரூத்தாவுக்கு விளங்கியது. தூக்கிய கையை மெல்ல இறக்கி, தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

“இதுவும் ஒரு கற்றல்தான், லொரெய்ன்” என்றார் மிஸ் ஹாலோரன், தணிந்த குரலில். “நாளைக்கு மறுபடி பேசுவோம்.”

“நாளைக்கு வெள்ளிக்கிழமை! பேசுங்க, பேசுங்க. ஏரி வத்துற வரைக்கும் பேசுங்க.”

லொரெய்ன் தன் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். மேல் தட்டிலிருந்த சோப்புத் தண்ணீர்ப் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாளிக்குள் திணித்தார். தட்டை ஈரத் துணியால் துடைத்து, இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் உலர்த்தினார். பிறகு முழங்காலைத் திட்டிக்கொண்டே மடக்கி, தரையில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு நீலக் கண்ணாடித்தாள் ஒட்டிய அந்த வீட்டை இரண்டு கையாலும் எடுத்தார். எழுந்து, தட்டின் மேல் அலுங்காமல் வைத்தார்.

ரூத்தாவைப் பார்த்து, அட்டை வீட்டின் வாசலைத் தொட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். எந்தப் பக்கம் பார்க்கணும்?

அவள் தாழ்வாரத்தின் கிழக்கு ஜன்னலைக் காட்டினாள்.

லொரெய்ன் வண்டியை வீட்டோடு சேர்த்து அந்தப் பக்கம் திருப்பினார்.