லீவா, கேன்சலா?

எங்கள் மென்பொருளில் ஒரு பட்டனுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தது. டெலிட், டெர்மினேட், குளோஸ், கேன்சல் என்று வரிசையாக எழுதினேன். கடைசிச் சொல்லில் கை நின்றுவிட்டது.

தென்காசியில் எங்கள் தெருவுக்குத் துபாயிலிருந்து யார் வந்தாலும் முதல் கேள்வி, "லீவா, கேன்சலா?" என்பதுதான். விசாவை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டால் கேன்சல்.

எனக்கு ஏழு வயதானபோது வாப்பா வந்தார். பெட்டியைத் திறந்ததும் சோப்பும் அத்தரும் வீடெல்லாம் மணத்தன. எதிர்வீட்டு மாமி வாசலில் நின்றே அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"லீவுதான்" என்றாள் உம்மா. வேலை போனதை வெளியே சொல்ல அவளுக்குக் கூச்சம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல மாமி, கேன்சலு! வாப்பா இனி போவமாட்டாவ!" என்று கத்தினேன்.

உம்மா என் தொடையில் கிள்ளினாள். வாப்பா சிரித்துவிட்டார்.

"பிள்ள சொல்லுததுதான் நெசம்க்கா. இனிமே இங்கனதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நல்லா சாரல் அடிக்குது. குத்தாலத்துக்குக் குளிக்கப் போவமா?"

உம்மா உள்ளே போய், மூன்று துண்டுகளை எடுத்துப் பையில் வைத்தாள்.